ஒண்ணேகால் உப்பு மூட்டை

லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் என்னென்ன அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று சிட்டுவுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள், அது வேறு விஷயம். புது லிஃப்ட்டை மாட்டி முடித்ததும் அதில் முதலில் ஏறுவது மனிதர்கள் இல்லை, எடைக்கற்களும் மணல் மூட்டைகளும்தான். இவ்வளவு பாரம் தாங்கும் என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அதைப்போல ஒன்றேகால் மடங்கு ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, கம்பி முனகவில்லை, பிரேக் வழுக்கவில்லை என்று நிச்சயமான பிறகே ஆளை ஏற்ற வேண்டும். தொழில் அப்படி. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவள் வீட்டுக்காரன் தொழிலை வேலைசெய்யும் இடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வரும் ரகம் இல்லை. துணி காயப்போடும் கொடி, சுவரில் அடித்த ஆணி, குழந்தையின் தொட்டில், எல்லாம் அவனிடம் ஒன்றேகால் பரீட்சை எழுதித் தேறியவை. கட்டில் வாங்கப் போன இடத்தில், கடைக்காரரையும் கூப்பிட்டுத் தங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தவன் அவன். கணக்குப்படி அரை ஆள்தான் தேவை, முழு ஆள் உட்கார்ந்தது கொஞ்சம் அதிகம் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஒண்ணேகால்'. நாளடைவில் சிட்டுவுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

சிட்டு என்பதும் அவன் வைத்த பெயர்தான். ஆள் நாலடி பதினோரு அங்குலம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடலாம்" என்று ஒரு நாளைக்கு நூறு பேரையாவது மூச்சுவிடப் பழக்குகிறவள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அது அவளைப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். ஆறடி ஒண்ணேகாலை மலையேற்றத்துக்குப் பழக்கியவளே அவள்தான். முதல் தடவை கூட வந்தபோது பாதி வழியில் பாறையில் உட்கார்ந்து, "இந்த மலைக்கு லிஃப்ட் கிடையாதா?" என்று கேட்டான். அவன் பையையும் சேர்த்து அவள்தான் சுமந்துகொண்டு ஏறினாள். அந்தப் பையோடு அவன் மனசும் ஏறிவிட்டது என்று கல்யாணத்தில் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள்.

இப்போது அவர்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண். வீட்டில் பெயர் பூசணி. பார்த்தாலே காரணம் தெரியும்.

பூசணி பிறந்த பிறகு மலைப்பக்கம் போகவே முடியவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு சிட்டு வேலைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, ஒன்றரை ஷிஃப்ட். காலை ஏழுக்குக் கிளம்பினால் திரும்பும்போது மாலை ஏழு. குழந்தையைக் குளிப்பாட்டிக் காப்பகத்தில் விடுவது, நாலு மணிக்குக் கூட்டிவருவது, சாதம் ஊட்டுவது, எல்லாம் ஒண்ணேகால்தான். ஒரு குறையும் சொல்ல முடியாத அப்பா. சிட்டுவுக்கு அதுதான் சங்கடம். குறை இருந்தால் சண்டையாவது போடலாம்.

பூசணி கீழே விழுந்தால் "அப்பா." தூக்கம் வந்தால் "அப்பா." விடுமுறை நாளில் ஆசை ஆசையாகச் சிட்டு குளிப்பாட்டினால், சோப்பு நுரைக்குள்ளிருந்து கதவைப் பார்த்து "அப்பா." வெளியே நின்று அவன், "அம்மா இருக்காங்கல்லடா" என்று சமாதானம் சொல்லுவான். சிட்டு சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு கட்டினவன்மேல் பொறாமைப்படுவது கேவலம்தான். ஆனால் அது பொறாமைதான், வேறு பெயர் வைத்து மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று பழைய நண்பர்கள் கூப்பிட்டபோது அவள் மனசில் ஒன்று முளைத்தது. பூசணியைத் தன் முதுகில் சுமந்து ஏற வேண்டும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை, யாரிடமும் கை மாற்றாமல். இரண்டரை மணிநேரம் அந்தக் குழந்தை அவளுடையது. அவ்வளவுதான் ஆசை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "உப்பு மூட்டை தூக்கற மாதிரி ஒரு பை வாங்கிடலாம். நான் தூக்கிக்கிறேன்" என்று ஒண்ணேகால் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். ஆறடி ஆள் பக்கத்தில் இருக்கும்போது சிட்டுக்குருவி எதற்குச் சுமக்க வேண்டும் என்று உலகமே நினைக்கும். அவன் நினைத்ததில் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் போன் செய்தான். லிஃப்ட் குழியின் அடியில் நின்று பேசினான் போலிருக்கிறது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பூசணி எவ்வளவு எடை இருக்கா? காலைல பார்க்கச் சொன்னேனே."

"பதினஞ்சு."

"பதினஞ்சா! சும்மாவா பேர் வச்சோம். சரி, நாளைக்குக் கடைக்கு அதுக்கேத்த மாதிரி மூட்டை எடுத்துட்டு வந்துடறேன்."

கைமுறிந்த ஒரு பெரியவர் எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருந்தார். சிட்டு போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மூவருமாகக் கடைக்குப் போனார்கள். மலையேறுகிறவர்களுக்கான சாமான் கடை. குறுகலான கீழ்த்தளம், ஓரமாக மாடிக்கு ஒரு மரப்படிக்கட்டு, எங்கு திரும்பினாலும் கயிறும் காலணியும் புது ரப்பர் வாசனையும். நடுவில் ஒரு சின்னக் கூடாரத்தை விரித்து நிறுத்தியிருந்தார்கள். பூசணி அதைப் பார்த்தவுடன் உள்ளே புகுந்துகொண்டாள். குழந்தை தூக்கும் பைகள் ஐந்து, சுவரில் வரிசையாகத் தொங்கின. கடைக்கார அம்மா ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடி தலைமேல் இருக்க, அதை மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தார்.

ஒண்ணேகால் தன் பையைத் திறந்து மணல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினான். ஐந்து கிலோவில் மூன்று, பிறகு இரண்டு கிலோ, ஒரு கிலோ, அரை, கால். ஒவ்வொன்றிலும் எடை எழுதி ஒட்டியிருந்தது.

"என்ன தம்பி, கடைக்குள்ள வீடு கட்டப் போறீங்களா?" என்றார் கடைக்கார அம்மா.

அவன் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். "எங்ககிட்டயே மணல் மூட்டை இருக்கே தம்பி."

"எடை போட்டதா அக்கா?"

"கண்ணளவுதான்."

அவன் சிரித்தான். கண்ணளவில் லிஃப்ட் மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவனின் இரக்கச் சிரிப்பு அது. பிறகு வேலையில் இறங்கினான். ஒவ்வொரு பையாக மூட்டைகளைத் திணித்து, முதுகில் மாட்டி, மாடிக்கு மூன்று தடவை ஏறி இறங்கினான். குனிந்தான், குதித்தான், ஒற்றைக்காலில் நின்றான். காலணி வாங்க வந்த இரண்டு பேர் காலணியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். முதல் பை கிறீச்சிட்டது. இரண்டாவதில் தோளில் மாட்டும் பட்டை ஒரு விரற்கடை நழுவியது. மூன்றாவதைத் தரையில் நிறுத்தினால் குடித்தவன் மாதிரி சாய்ந்தது. நாலாவதில் குற்றம் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் முதுகுப் பகுதியை ஆளின் உயரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும்படி செய்திருந்தார்கள். "அசையற பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது" என்று அதையும் ஒதுக்கினான். ஐந்தாவது, உயரமானவர்களுக்கென்றே செய்த பெரிய பை. அசைகிற பாகமே இல்லை. மாட்டிக்கொண்டு குதித்தான். கடைதான் அதிர்ந்தது.

"இதான்" என்றான். வேர்வையில் முகம் பளபளத்தது.

"நானும் ஒரு தடவை மாட்டிப் பார்க்கறேனே" என்றாள் சிட்டு. ஏதோ சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"தாராளமா." நாலாவது பையின் முதுகைக் குட்டையாக்கி, அதே மூட்டைகளை அதற்குள் மாற்றி, அவனே பிடித்துக்கொண்டு மாட்டிவிட்டான். சிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்து, இடுப்புப் பட்டையை இறுக்கினாள். மூச்சை இழுத்தாள், பிடித்தாள், எழுந்தாள். எழுந்தாள் என்பது பெயருக்குத்தான். முழங்கால் இரண்டும் கடகடவென்று ஆடின. ஓரடி வைத்தாள். அடுத்த அடிக்குள் பை அவளைப் பின்னால் இழுக்க, கையில் அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது கூடாரத்தின் கம்பு.

கூடாரம் அப்படியே அமுங்கியது. உள்ளேயிருந்த பூசணி முதலில் கிளுகிளுவென்று சிரித்தாள். பிறகு துணி முகத்தில் ஒட்டியதும், "அப்பா!" என்று அலறினாள்.

சிட்டுவின் காலடியில்தான் குழந்தை. குனிந்து எடுக்க முடியவில்லை. குனிந்தால் எழ முடியாது என்று உடம்பு சொன்னது. ஒண்ணேகால் ஓடிவந்து துணியை விலக்கிக் குழந்தையை அள்ளிக்கொண்டான். பூசணி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிட்டுவை என்னவோ கூடாரத்தைச் சாய்த்த காற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீ எதுக்குச் சிரமப்படணும்? நான் இருக்கேன்ல" என்றான் அவன். அன்பாகத்தான் சொன்னான். அதனால் இன்னும் வலித்தது.

சிட்டு பையைக் கழற்றிவிட்டு, காலணி அடுக்கின் பக்கம் திரும்பி நின்றாள். ஒரு அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கண்ணில் நீர் முட்டியதால் ஓரெழுத்தும் தெரியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆறடி ஆளின் பையையும் சேர்த்துச் சுமந்தவள். இன்றைக்குத் தன் பிள்ளை எடையைச் சுமந்து ரெண்டடி வைக்க முடியவில்லை. பெற்ற உடம்பு இப்படி ஏமாற்றிவிட்டதே என்று நினைத்தாள். சரி, ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிடுமா என்ன? கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அஞ்சாவதே எடுத்துக்கலாம்" என்றாள்.

ஒண்ணேகால் பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். கடைக்கார அம்மா பில் புத்தகத்தைத் தொடவில்லை.

"மண்ணையே சுமந்துட்டிருந்தா எப்படி தம்பி? பிள்ளையை உட்கார வைக்காம நான் பில் போடமாட்டேன். எடை என்ன சொன்னீங்க?"

"பதினஞ்சு."

அவர் பூசணியைப் பார்த்தார். ஒருவழியாக மூக்குக்கண்ணாடியைத் தலையில் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இந்தப் பிள்ளையா? கன்னத்தைப் பார்த்துச் சொல்றீங்களா? நான் இருபது வருஷமா பிள்ளைங்களை இந்தப் பையில தூக்கி வைக்கறேன் தம்பி. இது பதினஞ்சு இல்லை." பூசணியை வாங்கி, பார்சல் எடை போடும் தராசின்மேல் உட்கார வைத்தார். முள் ஆடி நின்றது. பன்னிரண்டு.

ஒண்ணேகால் குனிந்து முள்ளைப் பார்த்தான். தராசைத் தட்டிப் பார்த்தான். தன் ஐந்து கிலோ மூட்டையை வைத்துச் சரிபார்த்தான். தராசில் தப்பில்லை.

"நீ பதினஞ்சுன்னுதானே சொன்னே?"

"ஆமா. பன்னெண்டுக்கு ஒண்ணேகால் போட்டா பதினஞ்சுதானே? எப்படியும் நீ போடத்தானே போறேன்னு நானே போட்டுச் சொன்னேன்."

அவன் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தான். "நானும் போட்டேனே!"

"எதுக்கு?"

"பதினஞ்சுக்கு."

பன்னிரண்டு பதினைந்தாகி, அந்தப் பதினைந்துக்கும் ஒரு ஒன்றேகால் விழுந்திருக்கிறது. மூட்டை கிட்டத்தட்டப் பத்தொன்பது கிலோ. பூசணியைவிட ஆறே முக்கால் கிலோ கூட. மற்றொரு குழந்தையையே சேர்த்துக் கட்டியிருக்கிறான்! மூன்று வருஷக் குடித்தனத்தில் ஒருவர் கிறுக்கு இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருப்போம். ஒட்டிய கிறுக்கு பெருக்கிக்கொள்ளவும் செய்யும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்கார அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலணி வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள்.

சிட்டு மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் பிள்ளையைத் தூக்க முடியாம இல்லை" என்றாள் மெதுவாக.

"யாரு சொன்னா முடியாதுன்னு? மாட்டும்மா" என்றார் கடைக்கார அம்மா. "முதல்ல தம்பி."

பூசணியை ஐந்தாவது பையில் உட்கார வைத்து ஒண்ணேகால் முதுகில் மாட்டினார்கள். அவன் தேர் மாதிரி நிமிர்ந்து நின்றான். பூசணிக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் அப்பாவின் பிடரியும் சட்டைக் காலரும்தான். எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் தோள், அந்தப் பக்கம் தோள். பத்து எண்ணுவதற்குள் அவன் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டு கத்தத் தொடங்கினாள்.

அடுத்து நாலாவது பை. கடைக்கார அம்மாவே சிட்டுவின் முதுகுக்கு அதைக் குட்டையாக்கினார். "குட்டையா வச்சா தோள்ல மாட்டற பட்டை கீழ வந்துடும், பிள்ளை உசரத்துல உட்காரும். அதனால குறுக்க கிளை வந்தா நீங்க இன்னும் ஒரு முழம் சேர்த்துக் குனியணும். பாரம் தோள்ல இருக்கக்கூடாது, இடுப்புல இருக்கணும். புரியுதாம்மா?"

சிட்டு எழுந்தாள். இந்தத் தடவை நிஜமாகவே எழுந்தாள். முழங்கால் ஆடவில்லை. பூசணி அவள் தலைக்கு மேலே, மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். கடை முழுவதும் அவளுக்குத் தெரிந்தது. கயிறு, விளக்கு, மாடிப்படி, கீழே எங்கேயோ அப்பா. "ஓ!" என்றாள். அம்மாவின் தலையில் இரண்டு கையாலும் மத்தளம் கொட்டினாள். சிட்டு படியேறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். ஒண்ணேகால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே ஏறி இறங்கினான்.

மூன்றாம் தடவை இறங்கி வந்து அவன் முன்னால் நின்று சொன்னாள், "நாளைக்கு நான்தான் தூக்குவேன். அடிவாரத்துலேர்ந்து உச்சி வரைக்கும். நடுவுல கேட்கக்கூடாது."

அவன் விரித்த கைகளை இறக்கினான். "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை. அதை எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட என்ன இருக்கு பொறாமைப்பட?"

"எப்பப் பார்த்தாலும் அப்பா, அப்பா."

அவன் முகத்தில் சிரிப்பும் சங்கடமும் சேர்ந்து வந்தன. "நான் உன்னைக் கேட்கவே இல்லையே. நானா முடிவு பண்ணிட்டேன்" என்றான். பிறகு கடைக்கார அம்மாவிடம், "அக்கா, நாலாவது" என்றான். அசைகிற பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவன் செய்த பெரிய தியாகம்.

ஞாயிறு விடிந்ததும் மலை. நண்பர்கள் கூட்டம் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டது. சிட்டு நிதானமாக ஏறினாள். சுகமாக ஏறினாள் என்று சொன்னால் பொய். பன்னிரண்டு கிலோவும் பன்னிரண்டு கிலோதான். முதல் மணிநேரத்திலேயே சட்டை நனைந்தது, தொடை எரிந்தது. ஆனால் பழைய மூச்சு திரும்பி வந்துவிட்டது. வளைவுக்கு வளைவு நின்று, பூசணிக்குத் தண்ணீர் கொடுத்து, காக்கையைக் காட்டி, மறுபடி ஏறினாள். தலைக்கு மேலிருந்து பூசணி ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். புரியாத பேச்சுத்தான். ஆனால் எல்லாம் அம்மாவின் காதுக்கு மட்டும். இவ்வளவு நாள் இது எங்கே போயிருந்தது என்று சிட்டுவுக்கு அழுகை வரும்போல சந்தோஷமாக இருந்தது.

ஒண்ணேகால் பின்னால் வந்தான். தண்ணீர், துணி, தொப்பி, குடை எல்லாம் அவன் பையில். கைகள் மட்டும் சும்மா இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் வைத்தான், கட்டிக்கொண்டான், கடைசியில் வழியில் கிடந்த ஒரு குச்சியைப் பொறுக்கிக்கொண்டான். சொன்ன சொல் தவறாமல், ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

உச்சிக்கு அரைமணி இருக்கும்போது, செங்குத்தான பாறைப் படிகள் தொடங்கின. அங்கேதான் பூசணி பேச்சை நிறுத்தினாள். நெளிந்தாள். திரும்பிக் கீழே பார்த்தாள்.

"அப்பா!"

சிட்டு நின்றுவிட்டாள். மூன்று படி கீழே ஒண்ணேகாலும் நின்றான். இப்படி ஒன்று வரும் என்று அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். குழந்தை கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று அடிவாரத்திலேயே முடிவும் செய்திருந்தாள். பிள்ளையை அழவைத்து ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? இருந்தாலும், இன்னும் அரைமணிதானே, கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா?

"அப்பா!" என்றாள் பூசணி மறுபடியும், இன்னும் சத்தமாக.

"தரட்டுமா?" என்றாள் சிட்டு. திரும்பாமலே இடுப்புப் பட்டையின் கொக்கியில் கை வைத்தாள்.

ஒண்ணேகால் குச்சியைப் போட்டுவிட்டு இரண்டு படி ஏறி வந்து, குழந்தைக்கு நேராக இரண்டு கைகளையும் நீட்டினான். "வாடா."

பூசணி அந்தக் கைகளைப் பார்த்தாள். வரவில்லை. தன் கை ஒன்றைத் தூக்கி, ஐந்து விரல்களையும் மடக்கி விரித்தாள்.

"டாட்டா" என்றாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு, வாசலில், அப்பாவின் தோளில் சாய்ந்தபடி அம்மாவுக்கு அவள் சொல்லும் டாட்டா. சிட்டு அதை வாங்கிக்கொண்டு தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள். இப்போது அது அவள் தலைக்கு மேலிருந்து போய்க்கொண்டிருந்தது. டாட்டா சொன்ன கையோடு பூசணி இரண்டு குதிகாலாலும் அம்மாவின் விலாவில் உதைத்தாள். போகலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவாக எந்தப் பாஷையிலும் சொல்ல முடியாது.

சிட்டு கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை, பாறையைப் பிடித்துக்கொண்டு உடம்பு குலுங்க நின்றாள்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றான் ஒண்ணேகால். "ஏய், என்னை விட்டுட்டா போறீங்க?"

"பிள்ளை சொல்லுதுல்ல? நீயும் திருப்பிச் சொல்லுப்பா" என்றாள் சிட்டு.

அவன் கையைத் தூக்கி ஆட்டினான். அவர்கள் இருவரும் படியேறி வளைவில் மறையும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தான்.